தட்டிக்கு அந்தப் பக்கத்து மீன்கள்

கோரமண்டல்,
1963 ஜனவரி 20.

அன்புள்ள மைத்துனன் ஏகநாதனுக்கு, ராஜப்பா தன் கையால் எழுதுவது.

எழுத்து கோணலாக இருப்பதை மன்னித்துக்கொள். வரி தானாக மேலே ஏறிவிடுகிறது. பேனாவை அழுத்திப் பிடித்ததில் மடிப்போரம் தாள் கிழிந்துவிட்டது. 'ழ' போட்டால் வால் எங்கேயோ போய் முடிகிறது. ஆனாலும் இதை எழுதுவது நான்தான். இதுநாள் வரை என் பேரில் உனக்கு வந்ததெல்லாம் பக்கத்து வீட்டு ஏசுபாதம் எழுதிக் கொடுத்தது. இனி அவனுக்கு அந்த வேலை இல்லை.

நீயும் வள்ளியும் பாப்பாவும் சுகமாக இருக்கிறீர்களா? பெரம்பூரில் பனி எப்படி? இங்கே நானும் உன் அக்கா பார்வதம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம்.

சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மரியகுழந்தை வாத்தியார் நடத்தும் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். "ராஜப்பா, பலகையப் பாரும்! என் வாயிலயா எழுதியிருக்குது?" என்று திட்டிக்கொண்டே இருப்பார். இப்போது மற்றவர்களுக்கு முன்பாக நான்தான் எழுதி முடிக்கிறேன். கடைப் பலகை, சினிமா நோட்டீஸ், தீப்பெட்டி, எல்லாவற்றையும் படித்துவிடுகிறேன். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் நடந்தால் ஊரே என்னோடு பேசுவதுபோல் இருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் மனதை அரிக்கிறது. ஏசுபாதம் ஊரிகத்தில் துரை பங்களாவில் தோட்டக்காரனாக இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். பெண்சாதி செத்துப்போன பிறகு பின்கட்டில் சிமெண்டுத் தொட்டி கட்டித் தங்கமீன் விட்டிருக்கிறான். நம் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே மூங்கில் தட்டிதான். உன் அக்கா அவனுக்குக் குழம்பு கொண்டுபோய்க் கொடுப்பாள். கொடுத்தால் திரும்ப வேண்டியதுதானே? சாயங்காலம் முழுக்க அந்தத் தொட்டியோரம் குந்திக்கொள்கிறாள்.

என்னிடம் பேசுவதென்றால் கத்துகிறாள். "சோறு ஆறுதுய்யா!" என்றால் அடுத்த லைன் வீட்டில் இருப்பவன் சாப்பிட எழுந்துவிடுவான். அங்கே போனால் குரல் அப்படியே இறங்கிவிடுகிறது. தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இடுக்கு வழியாகப் பார்க்கிறேன். உதடு அசைகிறது, சிரிக்கிறாள். ஒரு வார்த்தைகூட இந்தப் பக்கம் வருவதில்லை. அவ்வளவு மெதுவாக அந்த ஆளிடம் பேச என்ன இருக்கிறது?

சரி, நானும் மீன் வளர்க்கப் போகிறேன். வளர்ப்பதோடு விடமாட்டேன், குஞ்சு எடுப்பேன். ஏசுபாதம் அழகு பார்க்கத்தான் வளர்க்கிறான், இதுவரை ஒரு குஞ்சும் எடுத்ததில்லை. நம் தொட்டியில் குஞ்சு நீந்தினால் உன் அக்கா எங்கே குந்துகிறாள் பார்க்கலாம்.

வள்ளிக்கும் பாப்பாவுக்கும் எங்கள் ஆசீர்வாதம். தாளில் இடம் தீர்ந்துவிட்டது.

ராஜப்பா.


பெரம்பூர்,
1963 பிப்ரவரி 5.

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு ஏகநாதன் வணக்கம்.

நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அக்காவும் நோய்நொடியில்லாமல் இருக்க வடபழனி முருகனை வேண்டிக்கொள்கிறோம்.

மாமா, உங்கள் கடிதத்தை லோகோ ஷெட்டில் எல்லோரிடமும் காட்டினேன். ஒருத்தன், "இன்னாடா, மையில எலி ஓடின மாதிரி கீது" என்றான். "எலியில்லடா, எங்க அக்கா புருஷன்" என்றேன். வள்ளி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்திரமாகப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. அந்தக் கடிதத்தில் என் அக்கா பேரைவிட ஏசுபாதம் பேர்தான் அதிகம். பொறாமையா மாமா? தலை நரைத்து, பேத்தி எடுக்கிற வயசிலா? அக்கா அந்தத் தொட்டிகிட்ட என்னதான் பேசுகிறாள் என்று அவளையே கேட்டுவிடுங்களேன். விஷயம் தீர்ந்தது.

மீன் வாங்கியதும் எழுதுங்கள். குஞ்சு எடுத்தால் பாப்பாவுக்கு ஒன்று.

உங்கள் மைத்துனன்,
ஏகநாதன்.


கோரமண்டல்,
1963 மார்ச் 10.

அன்புள்ள ஏகநாதனுக்கு,

உன் கடிதம் வந்தது. நானே பிரித்து நானே படித்தேன். எலி என்று சொன்னவனை நான் விசாரித்ததாகச் சொல். உங்கள் எல்லோர் சுகமும் அறிந்து சந்தோஷம். நீ கேட்ட மற்ற விஷயத்துக்குப் பிறகு பதில் எழுதுகிறேன்.

மீன் வாங்கப் பெங்களூர் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கே போனேன். ரயிலில் தூக்குப் போகணியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பங்காருப்பேட்டையில் ஏறின ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, வாயை என் காதுவரை கொண்டுவந்து, "இன்னா பெரியவரே, சாம்பாரா?" என்றாள். மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே இரண்டும் வாலை விசிறிக்கொண்டு நின்றன. பெட்டி முழுக்க எட்டிப் பார்த்தது. கோரமண்டல் ஸ்டேஷன் வரும்வரை நான்தான் ராஜா.

வீட்டுக்கு வந்து அவசரத்தில் ஒரு காரியம் செய்துவிட்டேன். சுரங்கத்து விளக்குக்குப் போடும் கார்பைட் வருகிற டின் நம் வீட்டில் இரண்டு மூன்று இருக்கிறதல்லவா? அதில் ஒன்றைக் கழுவித் தண்ணீர் நிரப்பி மீனை விட்டேன். இங்கே அரிசி, புளி, துணி எல்லாமே அந்த டின்னில்தானே வைக்கிறோம். ஆனால் ஓரத்து மடிப்பில் சுண்ணாம்புபோல் ஒட்டியிருந்தது கரைந்திருக்கிறது. காலையில் தண்ணீர் கஞ்சி நிறம். மீன் இரண்டும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

உன் அக்கா டின்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "கொறடு மாதிரி கையி, கல்லு மாதிரி மண்ட! விஷ டின்னுலயாய்யா உசுர விடுவ?" என்று கத்திவிட்டு, இரண்டையும் இலையில் வைத்து எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். ஏசுபாதம் குழி தோண்டினான். இவள் கண்ணைத் துடைத்தாள். அவன் ஏதோ சொன்னான். இவள் தலையை ஆட்டினாள். என் மீனுக்கு அவன் அடக்கம் பண்ணுகிறான்! நான் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

அதோடு விடுகிறவனா நான்? நானே சிமெண்டுத் தொட்டி கட்டிவிட்டேன், அவனுடையதைவிட ஒரு சாண் அகலமாக. வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி இறைத்துச் சுண்ணாம்பு வாடையைப் போக்கினேன். மறுபடி பெங்களூர் போய் வந்தேன். இந்த ஜோடி அவன் மீனைவிடச் சிவப்பு. அதை அவனே ஒப்புக்கொண்டான் என்று உன் அக்கா சொன்னாள். அதை எப்போது சொன்னான், எதற்குச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

பாப்பாவைத் தண்ணீர்த் தொட்டியருகே விடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

ராஜப்பா.


பெரம்பூர்,
1963 ஏப்ரல் 21.

மாமா அவர்களுக்கு வணக்கம்.

பதில் எழுதத் தாமதம். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து இப்போது தேவலை. நீங்களும் அக்காவும் சுகந்தானே?

இறந்த மீனுக்கு வருத்தம், புது ஜோடிக்கு வாழ்த்து.

மாமா, அக்கா கத்துகிறாள், கத்துகிறாள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறீர்கள். எனக்கு அது புதுசாக இருக்கிறது. சின்ன வயசில் அவள் பேசினால் எங்கள் அம்மா, "வாய்க்குள்ளயே பேசாதடி, எறும்புக்கா கத சொல்ற?" என்பாள். உங்கள் கல்யாணத்தில் அவள் குரலைக் கேட்டவர்கள் கிடையாது. எப்போது மாறினாள்?

நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

ஏகநாதன்.


கோரமண்டல்,
1963 மே 26.

அன்புள்ள ஏகநாதனுக்கு, குஞ்சு பிறந்தாயிற்று!

சுகம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுதியதற்கு வள்ளி கோபிக்கக் கூடாது. பாப்பா தேறியது கேட்டு நிம்மதி. நாங்கள் சுகம். மீன்களும் சுகம்.

நடந்ததைச் சொல்கிறேன். மே மாதம் பிறந்ததும் ஆண் மீனின் கன்னத்தில் வெள்ளை வெள்ளையாக முத்து போட்டிருந்தது. உன் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா வந்திருக்காய்யா!" என்றாள். தொட்டியில் வேப்பிலை போட்டோம். வாசலில் வேப்பிலைக் கொத்து செருகினோம். வீட்டில் தாளிப்பை நிறுத்தினாள். மீனுக்காக நான் கடுகில்லாத குழம்பு சாப்பிட்டேன்.

வாசல் வேப்பிலையைப் பார்த்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். சானிட்டரி இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார். அம்மை போட்டவர் எங்கே, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார். உன் அக்கா பின்கட்டுக்கு அழைத்துப்போய்த் தொட்டியைக் காட்டினாள். அவர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

லைன் முழுக்கச் சிரிப்பு. ஏசுபாதம் தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து தொட்டியை எட்டிப் பார்த்தான். என் காதோரம் குனிந்து, "அம்மையில்ல ராஜப்பா! ஆம்பளைக்கு மாப்பிள்ளக் களை வந்திருச்சு! முட்ட போடப் போவுது, ஆகாயத்தாமரை போட்டு வையி!" என்று கத்தினான். இந்த லைனில் எல்லோருக்கும் இப்போது கத்துகிற வியாதி தொற்றிவிட்டது.

அவன் சொல்லித் தெரிந்துகொண்டோமே என்று எனக்குக் கசப்புதான். இருந்தாலும் ஆகாயத்தாமரை கொண்டுவந்து மிதக்கவிட்டேன். ஒரு நாள் விடிந்ததும் ஆண் பெண்ணைத் துரத்தத் தொடங்கியது. "பாவம், பொம்பள மீன ஒரு வாய் தின்ன வுடுதா பாரு!" என்றாள் உன் அக்கா. "கட்டின புதுசுல நீயும் இப்டித்தான்யா" என்றும் சொன்னாள். நல்லவேளை, அதைக் கத்தும்போது தெருவில் யாருமில்லை.

வேரெல்லாம் கசகசாபோல் முட்டை. தாய் தகப்பனே முட்டையைத் தின்றுவிடுமாம். பெரிய மீன்களை அண்டாவுக்கு மாற்றினேன். சில நாளில் தண்ணீரில் கண்ணும் வாலுமாக ஊசி ஊசியாய்! முட்டை மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து ஊட்டுகிறேன்.

உன் அக்கா நம் தொட்டியோரம் வந்து குந்தினாள், ஏகநாதா. குனிந்து மெதுவாக ஏதோ சொன்னாள். நான் உடனே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா சொன்ன?" என்றேன். மறுபடி அவள் வாய் அசைந்தது. "இன்னா? இன்னா சொன்ன?" என்றேன். "ஒண்ணுமில்லய்யா!" என்று கத்திவிட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் பழையபடி அந்தத் தொட்டிக்கே போனாள்.

குஞ்சு எடுத்தவன் நான். அவள் குந்துவது அவன் தொட்டியில். இதற்கு நியாயம் சொல்.

ராஜப்பா.


கோரமண்டல்,
1963 ஜூலை 14.

ஏகநாதனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். எல்லோரும் சுகமாக இருந்தால் சரி. நான் சுகமாக இல்லை என்று எழுத வேண்டியிருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

குஞ்சுகள் விரல்கணு அளவு வளர்ந்துவிட்டன. அத்தனையும் கருப்பு. சாக்கடை மீன்போல, சேற்று நிறம். தங்கமீன் வயிற்றில் தங்கமீன்தானே பிறக்க வேண்டும்? நான் ஒரு வாரம் யோசித்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வகுப்புக்குப் போகிற நேரத்தில் ஏசுபாதம் தட்டியைத் தாண்டி வந்து என் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு, ஓடையில் பிடித்த குஞ்சுகளை விட்டிருக்கிறான். வேறு யார்? லைனில் மீன் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். நான் குஞ்சு எடுத்ததில் வயிறெரிந்தவனும் அவன் ஒருவன்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "எம் பொண்டாட்டியோட சாயங்காலத்த எடுத்துக்கின. எம் மீன் குஞ்சையும் எடுத்துக்கினியா?" என்றேன். லைனில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அவன் குவளையைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான். நிமிர்ந்து சத்தமாகப் பதில் சொல்ல நெஞ்சில் உண்மை வேண்டாமா? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அன்றிலிருந்து உன் அக்கா அங்கே போவதில்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் என்னிடமும் பேசுவதில்லை. கத்துவதுகூட இல்லை. தட்டை வைத்துவிட்டுத் தரையில் விரலால் தட்டுகிறாள். வீடு எப்படியோ இருக்கிறது.

இந்தக் கருப்புக் குஞ்சுகளை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஆடி கழிந்ததும் ஓடையில் கொட்டிவிடலாம் என்றிருக்கிறேன். உன் யோசனை எழுது.

ராஜப்பா.


கோரமண்டல்,
1963 ஜூலை 21.

தம்பி ஏகநாதனுக்கு அக்கா பார்வதம்மா சொல்ல, பக்கத்து வீட்டு ஏசுபாதம் எழுதுவது. சொல்கிறபடியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

நல்லா இருக்கியாடா? வள்ளி நல்லா இருக்குதா? பாப்பாவுக்குக் காய்ச்சல் திரும்ப வரலியே? நாங்க உசுரோட இருக்கோம்.

உங்க மாமா எழுதியிருப்பாரு, ஏசுபாதம் அண்ணன் குஞ்சத் திருடிட்டாருன்னு. அண்ணன் அன்னிக்கு நல்ல வார்த்தையாத்தான் சொன்னாரு. "கோவப்படாத ராஜப்பா, தங்கமீன் குஞ்சு பொறக்கறப்போ கருப்பாத்தான் இருக்கும், நாளானா நெறம் மாறும், பங்களாவுல பாத்திருக்கேன்"னாரு. நான் கேட்டேன். லைனே கேட்டுச்சு. இவரு காதுல மட்டும் ஏறல.

உனக்கு மட்டும் சொல்றேன். இவருக்குக் காது போயிடுச்சுடா. பாறையத் தொளைக்கிற மிஷின அத்தன வருசம் புடிச்சிக்கினு நின்ன ஆளு. வேலைய வுட்டு வந்ததுலர்ந்து ரொம்ப மோசம். இடி இடிச்சா, "யாரு கதவத் தட்றா பாரு"ன்றாரு. ஆனா ஒத்துக்க மாட்டாரு. நீங்கதான் முணுமுணுக்கறீங்கம்பாரு. நீ இத அவருக்கு எழுதிடாத. ஒடஞ்சிடுவாரு. அவரா சொல்லட்டும்.

நான் ஏன் அந்தத் தொட்டிகிட்ட போறேன்னு நீயும் நெனச்சிருப்ப. உப்பு வேணுமான்னு கேக்கறதுக்கே கூழு ஊத்தறப்போ கட்ற மைக்கு மாதிரி கத்தணும். காலைலர்ந்து கத்திக் கத்தித் தொண்ட புண்ணாயிடுது. கத்திக்கினே ஆசையா ஒரு வார்த்த பேச முடியுமாடா? "முதுகு வலிக்குதாய்யா"ன்னு கத்தினா அது சண்ட மாதிரி இருக்குது. அதான் குந்திக்கினு மீனுகிட்ட மெதுவா பேசறேன். அண்ணன் குழம்ப வாங்கிக்கினு உள்ள போயிடுவாரு. நான் பேசறது இன்னாத்த? எல்லாம் இவரு கததான். இன்னிக்கு என் பேர எழுதிக் காட்டினாரு, இன்னிக்கு மீசைய ஒதுக்கிக்கினாருன்னு. என் கொரல நானே ஒருவாட்டி கேட்டுக்கறேன், வேற ஒண்ணுமில்ல.

இவரு தொட்டிகிட்டயும் போயி குந்தினேன். பக்கத்துல வந்து "இன்னா, இன்னா"ன்னாரு. மறுபடி கத்தச் சொல்றாரேன்னு எழுந்து வந்துட்டேன். அது தப்புதான்.

இந்தக் குஞ்சுங்கள ஓடையில கொட்டிடப் போறாராம். அந்த மனுசன் வெடிகாலைல எழுந்து முட்டக் கரு புழிஞ்சு வளத்ததுடா. கொட்டினா அப்புறம் அவருதான் அழுவாரு. நீ எழுது. நெறம் மாறும்னு கண்ணால படிச்சா நம்புவாரு.

இப்படிக்கு, கைநாட்டு வைத்தது பார்வதம்மா.

பின்குறிப்பு: தம்பி, எழுதியவன் சொல்வது. என்னைப் பற்றி அம்மா சொன்ன நல்ல வார்த்தைகளை எழுத வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டேன். இந்த ஒரு திருத்தத்தை மன்னிக்கவும். ராஜப்பாமேல் எனக்குக் கோபம் இல்லை. குஞ்சு எடுத்ததில் வயிறெரிந்தது மட்டும் கொஞ்சம் உண்மை. — ஏ.


கோரமண்டல்,
1963 ஜூலை 22.

ஏகநாதனுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலை இல்லை.

நேற்று உன் அக்கா முந்தானையில் ஒரு இன்லேண்டு லெட்டரைச் செருகிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். திண்ணையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இவள் வாய் அசைந்தது, அவன் பேனா ஓடியது. அவன் பேனா என்னுடையதைப்போல் நின்று நின்று போகாது. எழுதத் தெரிந்த புருஷன் வீட்டில் இருக்கிறேன். தன் தம்பிக்குக் கடிதம் எழுத அவளுக்கு அவன் கை வேண்டியிருக்கிறது. நான் எதற்காகப் படித்தேன்?

அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் உன்னைக் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் படிப்பேன்.

ராஜப்பா.


பெரம்பூர்,
1963 ஆகஸ்ட் 8.

மாமா அவர்களுக்கு வணக்கம்.

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து இது பதில். வள்ளியின் தாய்க்கு உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போயிருந்தோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கடிதம் வந்தது. அதில் உங்களைப் பற்றி ஒரு குறையும் இல்லை. அதற்குமேல் சொல்லமாட்டேன். அக்காவும் தம்பியும் பேசியது.

குஞ்சுகளை ஓடையில் கொட்டாதீர்கள். மூர் மார்க்கெட்டில் மீன் விற்கிற பாயிடம் போய்க் கேட்டேன். "தங்கமீன் குஞ்சு கருப்பாத்தான் பொறக்கும், நாள் ஆக ஆக நெறம் மாறும், அவசரப்படாதீங்க" என்றார். ஏசுபாதமும் தட்டியருகே இதைத்தான் சொல்லியிருப்பார். அவர் குரல் கம்மியாக இருந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரியம் செய்ய வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. சுரங்கத்தில் ஃபோர்மேன் சொன்னால் கேட்பீர்களல்லவா, அதுபோல். உங்கள் தொட்டியோரம் ஒரு முக்காலி போடுங்கள். ஒன்றே ஒன்று. நீங்கள் முருங்கை மரத்தடியில் போய் உட்காருங்கள். அக்கா வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் போகாதீர்கள். என்ன சொன்னாய் என்று கேட்காதீர்கள். பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்.

என் அக்கா வாய் திறக்காத வீட்டை நான் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

ஏகநாதன்.


கோரமண்டல்,
1963 செப்டம்பர் 15.

அன்புள்ள ஏகநாதனுக்கு, நீயும் வள்ளியும் பாப்பாவும் வள்ளியின் தாயாரும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம். இந்த முறை மனமறிந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை அல்ல, தாள் நைந்துபோகும்வரை படித்தேன். குஞ்சுகளைக் கொட்டவில்லை. ஆவணியில் ஒரு காலை, தண்ணீர் மாற்றும்போது ஒன்றின் வயிறு மஞ்சள் பூசினதுபோல் இருந்தது. வெயில் என்று நினைத்தேன். கையில் ஏந்திப் பார்த்தேன். வெயில் இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாக, வயிற்றிலிருந்து முதுகுக்கு ஏறி, கருப்பு கழன்று, இப்போது பாதிக்குமேல் சிவந்துவிட்டன. இன்னும் சில கருப்பாகவே இருக்கின்றன. இருக்கட்டும்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நல்ல சிவப்பாகப் பார்த்துச் சிலதைத் தூக்குப் போகணியில் எடுத்துக்கொண்டு தட்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். ஏசுபாதம் கதவைத் திறந்தான். நான் போகணியை நீட்டினேன். அவன் உள்ளே பார்த்தான். என் காதோரம் குனிந்து, "உன் மீனுக்கு வாலு எம் மீனவிட நீளம்யா!" என்று கத்தினான். "வயித்தெரிச்சலா இருக்குதா?" என்றேன். "ஆமா!" என்றான். சமாதானமாகிவிட்டோம்.

பிறகு முக்காலி. ஃபோர்மேன் சொன்னபடியே போட்டேன். பல நாள் அதில் காக்காய்தான் உட்கார்ந்தது. போன வெள்ளிக்கிழமை உன் அக்கா வந்து உட்கார்ந்தாள். நான் முருங்கை மரத்தடியில் இருந்தேன். எழுந்து போகத் துடித்த காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் குனிந்தாள். உதடு அசைந்தது. சிரித்தாள். ஏதோ ஒரு நியாயத்தைக் கையை விரித்துச் சொன்னாள். யாரிடம் பேசுகிறாள் என்று தட்டியைப் பார்த்தேன். ஏசுபாதம் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. அவன் ஆண்டர்சன்பேட்டையில் கல்யாணத்துக்குப் போயிருந்தான்.

யாருமே இல்லை, ஏகநாதா. அந்தப் பக்கத்தில் இத்தனை நாளும் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். நான் வாயைப் பார்த்தேன், அந்த வாய் யாரிடம் பேசுகிறது என்று பார்க்கவில்லை.

பத்தடி தூரத்தில் அவள் பேசுகிறாள். முருங்கை இலை அசைவது தெரிகிறது, காற்று தெரிகிறது. அவள் குரல் தெரியவில்லை. கிட்டே போயிருந்தாலும் தெரிந்திருக்காது. இதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் வராது. எழுத வருகிறது. எனக்குக் காது கேட்பதில்லை.

நீயும் அவளும் இதை எப்போதோ பேசி முடித்திருப்பீர்கள் என்று இப்போது புரிகிறது. பரவாயில்லை.

சாயங்காலம் அவளிடம் போனேன். "ஏசுபாதம் சொல்றான், மீனுக்குக் காதே கெடையாதாம். அதுகிட்ட மட்டும் அப்டி மெதுவா பேசற. எனக்கும் காது கெடையாது. எங்கிட்டயும் அதே மாதிரி பேசேன்" என்றேன்.

அவள் முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். அவள் பேசினாள். மெதுவாக, நீ சொன்னாயே, எறும்புக்குக் கதை சொல்வதுபோல். விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் பேசினாள். நடுவில் ஒரு முறை அழுதாள், பிறகு என் மீசையைச் சுட்டிச் சிரித்தாள். நான் "இன்னா" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மீன்களுக்குத் தெரிந்திருக்கும். அவற்றின் மேல் இன்னும் கொஞ்சம் பொறாமை இருக்கிறது.

இனி உனக்கு அவள் சொல்லச் சொல்ல நானே எழுதுவதென்று முடிவாகியிருக்கிறது. அவள் கத்திச் சொல்ல வேண்டும், நான் மெதுவாகத்தான் எழுதுவேன். லைன் முழுக்கக் கேட்கும். ஆகையால் அடுத்த வாரம் உனக்கு வரப்போகிற கடிதத்தில் இருப்பது கோரமண்டலில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கும். உனக்குத்தான் கடைசியாக வந்து சேரும்.

ராஜப்பா.